வாசம் இல்லாத வேப்பெண்ணெய்

பிப்ரவரி 18

காய்ச்சல் விட்டது. படுக்கையில் கிடந்த நாட்களில் மாடித் தோட்டம் அநாதையாகிவிட்டது. இன்று படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் போய்ப் பார்த்தேன். கத்தரிக் கொழுந்துகளில் மாவுப்பூச்சி சுண்ணாம்பு தடவினாற்போல் அப்பிக் கிடக்கிறது. செம்பருத்தியில் அசுவினி. தண்ணீர் தவறாமல் ஊற்றியதாக என் வீட்டுக்காரி செண்பகம் சொன்னாள். ஊற்றியிருப்பாள். இலையைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாள். பூச்சி எப்போதும் இலைக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தும். மேலே நின்று வாளியைக் கவிழ்க்கிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது.

நாளை வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 19

செக்கு எண்ணெய்க் கடை சங்கரலிங்கம் என்னை ஏமாற்றிவிட்டான்.

பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து நுரை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, அதில் வேப்பெண்ணெயை விட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனைப் பார்த்து லிட்டருக்கு இத்தனை மில்லி என்று மருந்து ஊசி போடுகிற மாதிரி அளக்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டதில்லை. கொஞ்சம் விட்டுக் கலக்கி, குனிந்து மோந்து பார்ப்பேன். அந்தக் கசப்பு நாற்றம் மூக்கின் அடித்தண்டில் வந்து முட்டும்போது நிறுத்திவிடுவேன். பாளையங்கோட்டை பஸ் நிலையத்தருகே பூச்சிமருந்துக் கடையில் காலம் முழுக்க நின்றவன் நான். மூடியைத் திறந்தாலே எந்த மருந்து, புதுச் சரக்கா பழசா என்று சொல்லிவிடுவேன். கடை முதலாளியே சந்தேகம் வந்தால், "ஆவுடையப்பா, இத ஒரு மோப்பம் பாரு" என்று நீட்டுவார். ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்தேன்: விற்ற விஷம் போதும், தின்கிற கத்தரிக்காய்க்கு ஒரு சொட்டு வேண்டாம்.

இன்று எண்ணெயை விட்டேன். மோந்தேன். ஒன்றுமில்லை. இன்னும் விட்டேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது, வாசத்தைக் காணோம். ஏதோ மலிவான எண்ணெயைக் கலந்திருக்கிறான். பாட்டிலில் முக்கால்வாசியைக் கவிழ்த்து அடித்துவிட்டு, மிச்சத்தோடு அவன் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, முந்தாநாள் ஆட்டுன எண்ணெய். தொட்டா ரெண்டு நாளைக்குக் கையில நாத்தம் போவாது. நீங்க என்ன இப்படிச் சொல்லுதீய?" என்றான். என் முன்னாலேயே ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து, மோந்து, முகத்தைச் சுளித்தான். நல்ல நடிகன். இனி அந்தக் கடைப் படி ஏறுவதில்லை.

பிப்ரவரி 23

கத்தரி இலைகளின் ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. மாவுப்பூச்சி செத்திருக்கிறது, சரி. ஆனால் இலை ஏன் கருக வேண்டும்? நான் அடித்தது வாசமே இல்லாத கலப்பட எண்ணெய். அது இலையைக் கருக்கும் அளவுக்கு வீரியம் உள்ளதா என்ன?

வேறு யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள். மாடிக்கு வருகிறவர்கள் மூன்று பேர்தான். நான், செண்பகம், கீழ் வீட்டு எப்சிபா.

எப்சிபாவைப் பற்றி எழுதவேண்டும். போன ஐப்பசியில் குடிவந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். புருஷன் கத்தாரில். இப்போது வயிற்றில் ஐந்து மாதம். மாடிக் கொடியில்தான் துணி காயப்போடுகிறாள். வெள்ளைச் சேலைகளுக்கு ஏதோ பிளீச்சிங் தண்ணீர் போட்டு அலசுகிறாள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இதுவரை நான் கேட்டதில்லை. என்னை "அங்கிள்" என்கிறாள். எனக்கு அது பிடிக்காது.

பிப்ரவரி 26

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் போட்டேன். இப்போது சந்தைக்கு வருகிற பூண்டு எல்லாம் பெயருக்குத்தான் பூண்டு. ஒரு பல்லை நசுக்கி மூக்கில் வைத்தால் சுண்டைக்காயை நசுக்கியது போல இருக்கிறது. எனவே இரண்டு பங்காகப் போட்டேன்.

மிக்ஸியைத் திறந்ததும் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். "கொல்லப் பாக்கீயளா? ஒரு தெருவுக்கே போதும் இந்தப் பூண்டு!" என்றாள். பிறகு வாசல் படியில் நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, காய்ச்சலுக்கு அப்புறம் உங்களுக்கு மணம் தெரியுதா? கொரோனா சமயத்துல எங்க சித்தப்பாவுக்கு ஆச்சே, அந்த மாதிரி..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் மூக்கையா கேட்கிறாள்? உடனே சோதித்துக் காட்டினேன். மிளகாய் விழுதின் மேல் குனிந்து நன்றாக இழுத்தேன். மூக்கு பற்றி எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஏழெட்டுத் தும்மல். "இதுக்கு மேல என்னட்டீ சாட்சி வேணும்?" என்றேன். மூக்கு வேலை செய்கிறது. பூண்டுதான் சரியில்லை.

மார்ச் 1

கரைசல் அடித்தேன். அவரைக்குச் சற்று அதிகமாகவே.

மார்ச் 3

மீன் அமிலம் போட்டிருக்கிறேன். இது பூச்சியையும் விரட்டும், செடிக்குச் சத்தும் கொடுக்கும். மீன் கடையில் கழித்துப் போடும் செதிள், குடல், தலை எல்லாவற்றையும் வாங்கி, சரிக்குச் சரி வெல்லம் சேர்த்து, மூடி வைத்துவிட வேண்டும். முறையாகச் செய்தால் மீன் நாற்றம் அடங்கி, பழுத்த பழத்தின் வாசம் வரும். அதுதான் பதம். வீட்டில் இருந்த வெல்லம் பாதிக்குத்தான் வந்தது. அதற்காக இன்னொரு முறை கடைக்கு அலைய முடியுமா? டிரம்மைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

காலையில் எப்சிபா மேலே வந்தாள். நாங்கள் இருப்பது முதல் மாடி, அவள் வீடு கீழே. நடுவில் ஒரே படிக்கட்டு.

"அங்கிள், மொட்டை மாடியில ஏதாவது செத்துக் கெடக்கா? துணி காயப்போடப் போனேன், நிக்க முடியல."

"பூனையா இருக்கும். போய்ப் பாப்போம் வா" என்று கூட்டிப் போனேன். பூனையும் இல்லை, எலியும் இல்லை. அவள் டிரம்மைக் கை காட்டினாள். அட, விஷயம் இதுதானா என்று மூடியைத் திறந்தேன். தலையை உள்ளே விட்டு மோந்தேன். ஒரு நாற்றமும் கிடையாது. பழ வாசம் வரவில்லை என்பது உண்மைதான், ஆனால் மீன் நாற்றம் முழுசாக அடங்கிவிட்டது. நான் நிமிர்வதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். படி இறங்கும்போது இன்னொரு தடவை.

மசக்கைக்காரி எதற்கும் வாந்தி எடுப்பாள். அதற்கு என் டிரம்மா காரணம்? எனக்கு ஒன்று தோன்றுகிறது. அவளுடைய புருஷன் லீவில் வந்தபோது, "மாடியில ஒரு தகரக் கொட்டகை போட்டா டியூஷன் எடுக்கலாம்" என்று செண்பகத்திடம் பேசிக்கொண்டிருந்தான். என் தோட்டம் இருக்கும்வரை கொட்டகைக்கு இடம் ஏது?

மார்ச் 10

செண்பகமும் நாறுகிறது என்கிறாள். நேற்றுவரை சொல்லாதவள்.

மார்ச் 12

எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் துண்டால் மூக்கைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டு போகிறார். அவர்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே இருக்கின்றன. எப்சிபா அங்கேயும் போய்ப் பேசியிருக்கிறாள். டீச்சர் அல்லவா, ஆள் சேர்க்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்.

டிரம்மைச் சுற்றி ஈ. கோடைக்கு ஈ வரத்தான் செய்யும்.

மார்ச் 14

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

கொஞ்ச நாளாகவே செண்பகம் சமையலில் அக்கறை காட்டுவதில்லை. ரசத்தில் பெருங்காயம் இல்லை, சாம்பார் வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஒரு தடவை சொன்னேன், உப்பை அள்ளிப் போட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். இன்று காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினி வைத்தாள். சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இது நேத்து அரச்சது. வெளியிலேயே கெடந்து ஊசிப்போச்சு. வீடு பூரா நாறுது. உங்களுக்குத் தெரியல பாருங்க."

"ஊசிப்போனதை எதுக்குட்டீ எனக்கு வச்ச?"

"வேற எப்படி உங்களுக்குப் புரிய வைக்க?" அவள் கண் கலங்கியிருந்தது. "டாக்டர்ட்ட போவோம்னு எத்தன நாளா சொல்லுதேன். வாங்க, இன்னைக்கே போவோம்."

கட்டின புருஷனுக்கு ஊசிப்போன சட்டினி ஊற்றிப் பார்க்கிறாள். யார் பேச்சைக் கேட்டு? கீழே இருக்கிறவள் பேச்சைக் கேட்டுத்தான். சாயங்காலமானால் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசுகிறார்கள், என் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் போய் என்ன சொல்ல? ஐயா, என் மனைவி சரியாகச் சமைப்பதில்லை என்றா?

வயிறு மத்தியானத்திலிருந்து சரியில்லை.

மார்ச் 17

அவரைக் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. நாலு நாளைக்கு முன்னால் நான் இன்னொரு தடவை வேப்பெண்ணெய் அடித்தேன், வேறு கடையில் வாங்கியது. அதிலும் வாசம் இல்லாததால் முழு பாட்டிலையும் விட்டேன். அதுவா காரணம்? வேப்பெண்ணெய் அடித்து எந்த ஊரில் அவரை செத்தது?

அவரைத் தொட்டியின் அடியில் தரையில் வெள்ளைத் திட்டு ஒன்று பார்த்தேன். போதும் எனக்கு. நேரே கீழே போனேன்.

"பிளீச்சிங் தண்ணிய என் செடியில ஊத்துனியா?"

அவள் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். எழுவதற்குள் ஒரு கை இடுப்புக்குப் போய்விட்டது.

"நான் ஏன் அங்கிள் ஊத்தப்போறேன்? உங்க கத்தரிக்காயத்தான எங்க வீட்டுலயும் சாப்பிடுதோம்."

"அப்ப யாரு? பேயா?"

"தெரியல அங்கிள். ஆன்ட்டி சொன்னாங்க, உங்களுக்கு..."

ஆன்ட்டி சொன்னார்களாம். எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. இந்த மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொன்னேன். "இந்த நெலமையில நான் எங்கன போவேன்? அவங்களும் ஊர்ல இல்ல. பள்ளிக்கூடமும் இங்கனதான் இருக்கு" என்றாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போடவில்லை.

செண்பகம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 20

எப்சிபா அவளுடைய அண்ணனுக்குப் போன் செய்வது கேட்டது. அழுகிற மாதிரியும் இருந்தது. என் மேல் எந்தத் தப்பும் இல்லை.

மார்ச் 22

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக ஏதாவது மாற்றிவிடுவேன்.

செண்பகம் தன் தங்கச்சியோடு திருச்செந்தூர் போயிருந்தாள். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். கத்தரியில் ஒரு புதுக் கொழுந்து வந்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வந்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. தீ அணைந்திருந்தது. பாத்திரத்தை இறக்கி வைத்தேன், துணி போட்டுத் துடைத்தேன். அடுப்புத் திருகை நிறுத்திவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

ஜன்னல் சாத்தியிருந்தது. பூண்டு நாறுகிறது என்று இவர்கள் சொல்லிச் சொல்லி, ரோஷத்தில் நான்தான் ஒரு வாரமாகச் சாத்தி வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து அடுத்த கரைசலுக்கு மிளகாய்க் காம்பு கிள்ளினேன், இஞ்சியைச் சீவினேன், பூண்டு உரித்தேன். தலை லேசாக வலித்தது. வெந்நீர் வைக்கலாம் என்று எழுந்து லைட்டரை எடுத்தேன்.

அப்போதுதான் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அங்கிள்! அடுப்பப் பத்த வைக்காதீங்க! கேஸ் நாத்தம்! படிவரைக்கும் வருது! அங்கிள்!"

மறுபடியும் நாற்றமா என்றுதான் முதலில் தோன்றியது. நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பூண்டுகூட இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொன்ன ஆத்திரத்தில் என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். லைட்டர் என் கையில் இருந்தது, கட்டைவிரல் அதன் மேல் இருந்தது. ஒரு தடவை அழுத்தி, தீ எரிவதை அவளுக்குக் காட்டி, "எங்கட்டீ நாத்தம்?" என்று கேட்க வேண்டும் போல இருந்தது. நிஜமாகவே இருந்தது. அடுப்புப் பக்கம் ஓர் எட்டு எடுத்தும் வைத்தேன்.

கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன். அவள் உள்ளே வந்துவிட்டாள். ஆறு மாத வயிற்றோடு. வாசலிலேயே திரும்பி ஓடியிருக்கலாம், ஓட வேண்டியவளும் அவள்தான். சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு நேரே என்னிடம் வந்து, லைட்டரைக் கையிலிருந்து பிடுங்கினாள். அடுப்புத் திருகைப் பிடித்துத் திருப்பினாள். அது திரும்பியது. முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது. கீழே குனிய முடியாமல் குனிந்து சிலிண்டரையும் மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவில் வேப்பமரத்தடியில் நின்றோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நிஜமாவே உனக்கு நாறிச்சா?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனால் அதைத்தான் கேட்டேன்.

"உங்களுக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலையா அங்கிள்?"

"இல்ல" என்றேன். முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். இவளை வெளியே போகச் சொன்னவன் நான்.

மார்ச் 23

செண்பகம் வந்ததும் நானே சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது. அவள் என்னை அடித்தாள். தோளில், இரண்டு தடவை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

மார்ச் 25

மூக்கு டாக்டரிடம் போனோம். சின்ன வயசுக்காரர். என் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு டப்பியாக மூக்கின் கீழ் நீட்டினார். காப்பித்தூளாம், கிராம்பாம், சோப்பாம். எனக்கு எல்லாம் வெறும் காற்று.

விடாமல் கேட்டேன். "அப்ப மிளகாய் எப்படி டாக்டர் எரிஞ்சுது? நான் சோதிச்சுப் பாத்தேனே?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "எரிச்சல் தெரியுற நரம்பு வேற சார், மணம் தெரியுற நரம்பு வேற. மணம் சுத்தமாப் போனவங்களுக்கும் மிளகாய் எரியத்தான் செய்யும். மிளகாய வச்சு மூக்கச் சோதிச்ச ஆள நான் இப்பதான் பாக்கேன்."

காய்ச்சலில் அந்த நரம்பு கெட்டுப்போயிருக்கிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் நாலு பொருளை மோந்து பழகச் சொன்னார். என் வாழ்நாளில் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டதே இந்த ஒரு மூக்கைப் பற்றித்தான்.

மார்ச் 26

மீன் டிரம்மைக் காலி செய்ய ஆள் தேடினேன். ஒருவன் மாடிவரை வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். கடைசியில் நானே சுமந்துபோய், தெருமுனைக் காலி மனையில் ஆழமாகக் குழி வெட்டிக் கொட்டி மூடினேன். உள்ளே புழு நெளிந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தலையை விட்டு மோந்தேனே, அப்போது என் கண் எங்கே போயிருந்தது? எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இந்தத் தெருவில் அந்த வேலைக்குத் தகுதியானவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வரும்போது சங்கரலிங்கம் கடையில் நின்று ஒரு பாட்டில் வேப்பெண்ணெய் வாங்கினேன். "இப்ப வாசம் வருதா அண்ணாச்சி?" என்றான். "எனக்குத்தான் வரலடே" என்றேன்.

மார்ச் 28

எப்சிபாவிடம் போய், "நீ எங்கயும் போக வேண்டாம். நான் சொன்னது தப்பு. உன் மேல சந்தேகப்பட்டதும் தப்பு" என்றேன். செடிகளைக் கருக்கியது என் கைதான் என்றும் சொன்னேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். "கோவம்லாம் இல்ல அங்கிள்" என்றாள். "ஆனா எனக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு. மேல பாத்திரம் உருண்டாக்கூடத் தூக்கிவாரிப் போடுது. அண்ணன்ட்ட சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு அம்மா வீட்டுக்கே போயிருதேன்."

அவள் சொல்வது நியாயம்.

மார்ச் 30

சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. அவள் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில், பீரோ, புத்தக மூட்டைகள், கொஞ்சம் தட்டுமுட்டுச் சாமான். செண்பகம் ஊறுகாய், வடகம் எல்லாம் கட்டிக் கொடுத்தாள். வண்டி அவள் அம்மா வீடு இருக்கும் நாசரேத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் படியில் செண்பகம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை என்பதே பெரிய விஷயம்.

ஏப்ரல் 11

இப்போது நானும் ஸ்பூனால் அளக்கிறேன். லிட்டருக்கு ஒரு சின்ன ஸ்பூன் வேப்பெண்ணெய். பூந்திக்கொட்டை நுரையில் அடித்துக் கலக்கி, முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் மற்றவற்றுக்கு. கரைசல் பதம் பார்க்கச் செண்பகத்தைக் கூப்பிடுகிறேன். குனிந்து மோந்துவிட்டு, "போதும்" என்கிறாள். அல்லது, "பூண்டு இன்னும் ரெண்டு பல்லு" என்கிறாள்.

இன்று அவள் போதும் என்றபோது, நிஜமாகச் சொல்கிறாளா, சீக்கிரம் உள்ளே போக வேண்டுமென்று சொல்கிறாளா என்று ஒரு சந்தேகம் தலைதூக்கியது. இந்தப் புத்தி அவ்வளவு சுலபத்தில் போகாது போலிருக்கிறது. அவள் சொன்ன அளவிலேயே அடித்தேன்.

ஏப்ரல் 27

கத்தரி பிழைத்துக்கொண்டது. அவரைக்குப் புது விதை போட்டிருக்கிறேன். கீழ் வீட்டைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மே 19

கிராம்பு, எலுமிச்சைத் தோல், நொச்சி இலை, காப்பித்தூள். தினமும் மோக்கிறேன். ஒன்றுமில்லை.

ஜூன் 24

எப்சிபாவுக்குப் பெண் குழந்தை. செண்பகத்துக்குத்தான் போன் வந்தது. என்னை வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

ஜூலை 6

நாசரேத் போய் வந்தோம். நானும் போனேன். பஸ்ஸில் ஏறும்வரை, "வரலன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாவ" என்று செண்பகம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எப்சிபாவின் அம்மா வாசலில் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காப்பியைச் செண்பகத்தின் கையில் கொடுத்தாள், எனக்கு ஸ்டூலில் வைத்தாள். எனக்கு அது தகும்.

குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. செண்பகம் வாரி எடுத்து, உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். "ஏங்க, இந்தாங்க" என்று பழக்கத்தில் என் கையில் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, முகம் மாறிவிட்டது.

நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். குனிந்து உச்சந்தலையில் மூக்கை வைத்தேன். சூடு இருந்தது. முடி குறுகுறுத்தது. அவ்வளவுதான். அறையில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். தலையை ஆட்டியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

எப்சிபா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும்.

"எப்படிம்மா இருக்கும்?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் கையை நீட்டினாள். குழந்தையைக் கொடுத்தேன். தலையில் மூக்கை வைத்து, சட்டென்று சொல்லாமல், இன்னொரு தடவையும் மோந்தாள்.

"பாலு மணம் இருக்கு அங்கிள். லேசா வேர்வையும் இருக்கு. அப்புறம்... நெல்லு அவிக்கும்போது ஆவியில ஒரு மணம் வருமே, கிட்டத்தட்ட அது மாதிரி."

"சரிம்மா" என்றேன். நெல் அவிக்கிற மணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் அம்மா ஆறிப்போன என் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், வேறு சூடாகக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.